சீ. இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் (ஆகஸ்ட் 1892 – செப்டம்பர் 27, 1972) இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் கணிதவியலாளர் ஆவார். கோலன் பகுப்பு முறையை உருவாக்கியவர் இவரே. ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு விதி வகுத்தார். தரவுத்தள அட்டவணைகளில் நெடுவரிசைகளை மாற்றியமைக்கும் நிரலர்கள் இன்று எதிர்கொள்ளும் கேள்விக்கு இது மிக நெருக்கமானது.

வாழ்க்கை

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்பித்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அப்பணியின் தனிமை பிடிக்காமல் ஆசிரியர் பணிக்கே திரும்ப விரும்பினார். ஆனால் பயிற்சிக்காக இலண்டன் சென்ற பின் அவர் மனம் மாறியது.

கோலன் பகுப்பு முறை

டூயி பதின்மப் பகுப்பு (1876) பொருள்களுக்கு ஆயத்த எண்களைப் பட்டியலிட்டிருந்தது. பட்டியலில் இல்லாத புதிய பொருளுக்கு அதில் இடம் காண்பது கடினம். இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்ட அரங்கநாதனுக்கு, சில துண்டுகளைப் பொருத்திப் பலவற்றை உருவாக்குவதுபோல வகுப்பெண்ணையும் உருவாக்கலாம் என்று தோன்றியது. முறை 1933-இல் நூலாக வெளிவந்தது.

துண்டுகள் கிடைத்தபின் எது முன், எது பின் என்ற கேள்வி எழுந்தது. தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்தையும் இதே வரிசையில் வைத்தார். சுவர் இல்லாமல் சித்திரம் இல்லை என்பதால் சுவரே முதலில் வரவேண்டும் என்பது இவரது துணைவிதிகளுள் ஒன்று. 1950-களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்ச் சிகிச்சை பற்றிய நூலெனில் மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, இந்தியா, 1950-கள் என அமையும்.

நூல் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். ஆகவே வரிசையில் பின்தங்கிய கூறு சிதறிப்போகும். இந்தியா பற்றிய நூல்கள் பல அலமாரிகளில் கிடக்கும். இதனை ஈடுசெய்யச் சங்கிலி முறைச் சுட்டியை வகுத்தார்.

தரவுத்தளத்துடன் ஒப்பீடு

எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுசார் மாதிரியில் பயனர் நெடுவரிசையைப் பெயரால் அழைக்கிறார். அதன் இடத்தை நினைவில் வைக்க வேண்டியதில்லை. அரங்கநாதனின் அலமாரிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆயினும் பல நெடுவரிசைகள் சேர்ந்த கூட்டுச் சுட்டியில் முதலில் நிற்பதைக் கொண்டே விரைவாகத் தேட இயலும். அங்கு அவரது சிக்கல் அப்படியே உயிருடன் உள்ளது.

விமர்சனம்

முதற்பதிப்பில் கூறுகளை இணைக்க முக்காற்புள்ளி மட்டுமே இருந்தது. பின்னர் காற்புள்ளி, அரைப்புள்ளி முதலியன சேர்ந்தன. பதிப்புதோறும் விதிகள் மாறியதால், பின்பற்றிய நூலகங்கள் முதுகுச்சீட்டுகளை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையின் அமைப்பை மாற்றுவதற்கு ஒப்பான செலவு இது. இந்திய நூலகங்கள் பல டூயி முறையிலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற்காலம்

காசி, தில்லிப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் நூலக ஆணைக்குழுக்களையும் நூலக வரியையும் ஏற்படுத்திய 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இவரது முயற்சியின் பயனாகும். 1957-இல் பத்மசிறீ விருது பெற்றார். 1962-இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். அந்நகரிலேயே காலமானார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது.