ரெய்னியர் டி கிராப்

விலங்கியல் ஆய்வுச்சாலையில் நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ச் சூலகத்தின் மெல்லிய சீவலை வைத்து நோக்கும் மாணவர், அதன்கண் நீர் நிறைந்த சிறு பைகளைக் காண்பர். கிராப் நுண்பை என அவற்றின் பெயரை எழுதி, படமும் வரைந்து அப்பாற் செல்வர். அப்பெயருக்கு உரியார் யாவர் என்று வினவுவார் சிலரே. முப்பத்திரண்டாம் வயதில் மறைந்த அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ரெய்னியர் டி கிராப் 1641ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் நாள் ஹாலந்து தேசத்து ஸ்கூன்ஹோவன் என்னும் ஊரிற் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்திலே சில்வியஸ் என்னும் ஆசிரியரிடம் வைத்தியம் பயின்றார். மாணாக்கராயிருந்த காலத்திலேயே, நாயின் கணையக் குழாயிற் பறவையிறகின் தண்டைச் செருகி, சுரக்கும் நீரைச் சேகரித்து ஆராய்ந்து, 1664இல் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு பிரான்சு தேசத்து ஆஞ்சேர் நகரில் வைத்தியப் பட்டம் பெற்று, பின்னர் டெல்ப்ட் நகரில் தொழில் நடத்தினார். கத்தோலிக்கராதலின், புரொட்டஸ்டண்டு மதத்தார் வசமிருந்த அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. எனினும் அவர்தம் ஆராய்ச்சி தளர்ந்திலது.

1672இல் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. பெண் முயல்களைச் சேர்க்கைக்குப் பின் வெவ்வேறு காலங்களில் அறுத்துச் சோதித்த அவர், சூலகத்திற் பைகள் வெடித்திருப்பதையும், மூன்றாம் நாளளவில் குழாயிலும் கருப்பையிலும் சிறு உருண்டைகள் தோன்றுவதையும் கண்டார். அப்பைகளையே முட்டைகள் என்று அவர் கொண்டார். ஆயினும் உருண்டைகள் பைகளினும் மிகச் சிறியனவாயிருந்தன. தம் கொள்கைக்கு இடையூறான இதனை அவர் மறைத்தாரல்லர், கண்டவாறே எழுதிவைத்தார். பையினுள் மறைந்திருந்த உண்மையான முட்டையை 1827இல் வான் பேயர் என்பார் நாயினிடத்துக் கண்டபோதுதான் அம்முரண்பாடு நீங்கிற்று.

நூல் வெளிவந்ததும், உடன் பயின்ற சுவாமர்டாம் என்பார் இக்கண்டுபிடிப்பில் முதன்மை தமக்கே உரியதென வாதிட்டார். வழக்கு லண்டன் ராயல் சங்கத்தின் முன் சென்றது. அப்பூசலின் நடுவேயும், 1673 ஏப்ரலில், அதே சங்கத்திற்குப் பிறனொருவன் திறமையைப் புகழ்ந்து டி கிராப் கடிதம் எழுதினார். அவ்வாறு அறிமுகமானவர் டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகராகிய லீவன்ஹூக். நுண்ணுயிர்களை உலகிற்குக் காட்டியவர் அவரே. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் டி கிராப் காலமானார்.

பையை முட்டையென்றது பிழையே. ஆயினும் பையின்றி முட்டை முதிர்வதில்லை என்று இன்று அறிகின்றோம். முட்டையானது குளுக்கோஸ் சர்க்கரையைத் தானே நன்கு பயன்கொள்ள வல்லதன்று. அதனைச் சூழ்ந்த உயிரணுக்களே சர்க்கரையை ஏற்று, பைருவேட் என்னும் பொருளாக மாற்றி அதற்கு ஊட்டுகின்றன. இதனை 1967இல் சுண்டெலி முட்டைகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். தாய் மென்று குழவிக்கு ஊட்டுவது போன்றது இச்செயல். இவ்வுயிரணுக்கள் பெருகவும், பிட்யூட்டரிச் சுரப்பியின் தூண்டுதலை நன்கு ஏற்கவும் துணைபுரிவன இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணிகள். 1978இல் அவற்றின் அமைப்புத் தெளிவானபோது, கணையத்திற் பிறக்கும் இன்சுலினுக்கு அவை உறவினவென்பது உறுதியாயிற்று.

டி கிராப் இளமையில் ஆராய்ந்தது கணையம். இறுதியில் ஆராய்ந்தது சூலகம். இவ்விரண்டிற்கும் இத்தகைய தொடர்புண்டென்பதை அவர் கனவிலும் கருதியிரார். கண்ட அளவைக் கொள்கைக்கேற்பத் திருத்தாது குறித்த அவரது நேர்மையை, ஆய்வேட்டில் விடை பொருந்தாத நாளில் நம் மாணவர் நினைவு கூர்வாராக.