குழாய்த் தண்ணீரைப் படித்த பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்

நமது இதழில் மகான்கள், சங்கீத வித்வான்கள், தேசத் தலைவர்கள் எனப் பலருடைய சரித்திரங்களைப் படித்து வருகிறோம். இம்முறை ஓர் இன்ஜினீயரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் நம் தேசத்தவர் அல்லர். காலமாகி நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிறது. ஆனால் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர்களும் இன்ஜினீயரிங் படித்த நம் பிள்ளைகளும் அவர் பெயரை ஒரு முறையாவது மனப்பாடம் செய்திருப்பார்கள். ரெனால்ட்ஸ் எண் என்ற ஓர் எண்ணுக்கு உரியவர் அவர்.

அவர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய குற்ற உணர்வு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1969-ல் நான் பௌதிக மாணவன். லேபில் தண்ணீரின் பாகியல் எண்ணைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, நிமிஷத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தின் உயரத்தை இரு மடங்கு ஆக்கினால் வரும் தண்ணீரும் இரு மடங்காக வேண்டும் என்பது பாடம். அன்று மெல்லிய குழாய் உடைந்து போயிருந்தது. சற்றே அகலமான, சுமார் 2 மில்லிமீட்டர் துவாரமுள்ள குழாயை எனக்குக் கொடுத்தார்கள். உயரம் குறைவாக இருந்தவரை கணக்கு ஓரளவு சரியாக வந்தது. உயர்த்த உயர்த்த, தண்ணீர் கணக்குக்கு வெகுவாகக் குறைந்தது. மூன்று முறை எடுத்தும் அப்படியே. டெமான்ஸ்ட்ரேட்டர் பார்த்துவிட்டு, கவனக்குறைவு என்று எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டார். நான் என்ன செய்தேன்? பக்கத்து மேஜைக்காரனுடைய ரீடிங்குகளைப் பார்த்து, அதற்கு ஒத்து வரும்படி எண்களைத் தயார் செய்து ரெக்கார்ட் நோட்டில் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

பல வருஷங்கள் கழித்து, உத்தியோகத்தில் நாகபுரியில் இருந்தபோது, ஒரு நூலகத்தில் ரெனால்ட்ஸைப் பற்றிப் படித்தேன். நான் அழித்த எண்கள் தவறானவை அல்ல என்று அன்றுதான் புரிந்தது.

ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1842 ஆகஸ்ட் 23 அன்று அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவ மத குரு. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பள்ளித் தலைமை ஆசிரியர். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் டெட்ஹம் என்ற ஊரில் குடும்பம் வசித்தது. தகப்பனாருக்கு விவசாயக் கருவிகளைச் சீர்படுத்துவதில் ஆர்வம், காப்புரிமைகளும் பெற்றிருக்கிறார். பையனுக்கு ஆரம்பப் பாடங்களை அவரே சொல்லிக் கொடுத்தார்.

கணிதம் நன்றாக வந்த பையனை நேரே கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 19 வயதில், 1861-ல், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற ஊரில் எட்வர்ட் ஹேய்ஸ் என்பவரின் பட்டறையில் சேர்ந்தார் ரெனால்ட்ஸ். ஒரு வருஷம் இரும்பையும் எண்ணெயையும் கையால் தொட்டுப் பழகினார். அதன் பிறகுதான் கேம்பிரிட்ஜ் குவீன்ஸ் கல்லூரி. கண்ணெதிரே நடக்கும் இயந்திர விஷயங்களுக்குக் காரணம் சொல்லக் கணிதம் வேண்டும் என்று பட்டறையில் உணர்ந்ததால்தான் அவர் அங்கே போனார். 1867-ல் கணிதத் தேர்வில் ஏழாவது இடம் பெற்றார்.

இந்த இடத்தில் என் தகப்பனாரை நினைத்துக்கொள்கிறேன். எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே சைக்கிள் கடையில் உட்காருவதில் பிரியம். கையில் கிரீஸுடன் அகத்துக்கு வந்தால் முற்றத்திலேயே நிறுத்தி, சோப்பு போட்டுக் கழுவி, திட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். படிக்கிற பையன் பட்டறைக்குப் போகலாமா என்பது அவர் கேள்வி. அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நம்மில் பலர் அகங்களில் அதுவே வழக்கம். மூளைக்கு ஒரு மதிப்பு, கைக்கு ஒரு மதிப்பு என்று பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பாதிரியார் அப்படிப் பிரிக்கவில்லை.

1868-ல், 25 வயதிலேயே, மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானார் ரெனால்ட்ஸ். உள்ளூர்த் தொழிலதிபர்கள் பணம் திரட்டி ஆதரித்த புதிய பதவி அது. 1905-ல் ஓய்வு பெறும்வரை 37 வருஷங்கள் அங்கேயே இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மூலம்.

பதவி கிடைத்த அதே வருஷம் விவாகமும் நடந்தது. மனைவி சார்லட் ஒரே வருஷத்தில் காலமானார். பிறகு பன்னிரண்டு வருஷங்கள் மறு விவாகம் செய்துகொள்ளவில்லை. 1881-ல் ஆனி வில்கின்ஸனை மணந்தார். அவர்களுக்கு மூன்று புதல்வர்களும் ஒரு புதல்வியும் பிறந்தார்கள்.

வகுப்பறையில் அவர் பிரமாதமான ஆசிரியர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரும்பலகையில் கணக்கைப் போட்டுக்கொண்டே போவார். நடுவில் எங்கோ தப்பு என்று தெரியும். அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். சாதாரண மாணவர்களுக்குப் பின்தொடர்வது கஷ்டம். ஆனால் 1870-ல் 14 வயதில் அக்கல்லூரியில் சேர்ந்த ஒரு பையனுக்கு அந்தத் தடுமாற்றமே பாடமாக இருந்தது. ஒரு பிரச்னையைப் பிறர் எழுதியதைப் படிக்காமல் தானே முதலிலிருந்து யோசிப்பது எப்படி என்று அவரிடம் கண்டான். அந்தப் பையன்தான் 1897-ல் எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்ஸன்.

இனி அந்தப் பிரசித்தமான பரிசோதனைக்கு வருகிறேன். 1883-ல் வெளியானது. பக்கங்களில் கண்ணாடி வைத்த ஆறடி நீளத் தொட்டியில் தண்ணீர். உள்ளே நாதஸ்வர அணசு போல வாய் விரிந்த ஒரு கண்ணாடிக் குழாய். அந்த வாயருகே ஒரு மெல்லிய சாயக் கோடு குழாய்க்குள் போகும்படி ஏற்பாடு. தண்ணீர் மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்தது போல நேர்கோடாகச் செல்கிறது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ஒரு கட்டத்தில், குழாய்க்குள் சிறிது தூரம் போனதும் நூல் திடீரென்று கலைந்து குழாய் முழுதும் நிறம் பரவுகிறது. மின்பொறி வெளிச்சத்தில் பார்த்தால், கலங்கலாகத் தெரிந்தது சுருள் சுருளான சுழல்கள் என்று தெரிந்தது. முதலாவதை வரிச்சீர் ஓட்டம் என்றும் இரண்டாவதைச் சுழற்சி ஓட்டம் என்றும் நம் தமிழ்ப் பாடநூல்கள் சொல்கின்றன.

இந்த மாற்றம் எப்போது வரும்? வேகத்தைக் குழாயின் விட்டத்தாலும் திரவத்தின் அடர்த்தியாலும் பெருக்கி, பாகியல் எண்ணால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது சுமார் 2,000-க்குக் கீழே இருந்தால், எத்தனை கலக்கினாலும் ஓட்டம் தானே அடங்கி வரிச்சீராகிவிடும். மேலே போனால் ஒரு சிறு அதிர்வும் அதைக் குலைக்கலாம். தண்ணீராயினும் எண்ணெயாயினும் காற்றாயினும் ஒரே விதி. விட்டம் ஓர் அங்குலமுள்ள குழாயில் தண்ணீர் வினாடிக்கு 8 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே இந்த 2,000 வந்துவிடும். ஆகவே நம் அகத்துக் குழாய்களில் தண்ணீர் பெரும்பாலும் சுழன்றுகொண்டுதான் வருகிறது.

வரிச்சீர் ஓட்டத்தில் எதிர்ப்பு, வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். சுழற்சி ஓட்டத்தில் அதைவிட வேகமாக, வேகத்தின் சுமார் 1.7-ஆவது மடிக்கு ஏற்பக் கூடும். ஈயக் குழாய்களில் அழுத்தத்தை அளந்து ரெனால்ட்ஸ் இதை நிரூபித்தார். அதாவது, உயரத்தை இரு மடங்கு ஆக்கினாலும் தண்ணீர் இரு மடங்கு வராது. நான் 1969-ல் பார்த்ததும், பார்க்கவில்லை என்று பொய் எழுதியதும் அதைத்தான். எனக்குக் கிடைத்த அகலக் குழாயில் என் தண்ணீர் அந்த எல்லையைத் தொட்டிருக்கிறது.

1908-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஸொம்மர்ஃபெல்ட் அந்த எண்ணுக்கு ரெனால்ட்ஸின் பெயரைச் சூட்டினார். விமானத்தின் சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பவர்கள், நிஜ விமானத்தின் ரெனால்ட்ஸ் எண்ணை முடிந்தவரை எட்ட முயல்கிறார்கள்.

மிகக் கவனமாக, தண்ணீரை அசையாமல் நிற்கவிட்டுச் செய்தபோது, சுமார் 13,000 வரைகூட ஓட்டம் குலையாமல் இருந்ததை ரெனால்ட்ஸ் கண்டார். அந்தக் கருவி இன்றும் மான்செஸ்டரில் பாதுகாக்கப்படுகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அதிலேயே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு எட்டவில்லை. தெருவில் போகும் மோட்டார் வண்டிகளின் அதிர்வே காரணம். குதிரை வண்டிக் காலத்து மான்செஸ்டரின் அமைதியும் அப்பரிசோதனையில் ஓர் அங்கமாக இருந்திருக்கிறது!

அவருடைய இரண்டாவது பெரிய காரியம் இயந்திர பேரிங்குகளைப் பற்றியது. ரயில் அச்சுகளின் உராய்வைப் பற்றி பீச்சம்ப் டவர் என்ற இன்ஜினீயர் 1883-ஐ ஒட்டிய வருஷங்களில் பரிசோதனைகள் செய்துவந்தார். சுழலும் அச்சின் மேல் பாரம் தாங்கிய பித்தளை பேரிங். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் முழுகியிருக்கிறது. எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் துளை போட்டார் டவர். விட்ட எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில், உள்ளேயிருந்து எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. பிரஷர் கேஜ் மாட்டினால், அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மீதிருந்த சராசரி பாரமோ 100 பவுண்டுதான்.

இதற்குக் காரணம் சொன்னவர் ரெனால்ட்ஸ். 1886-ல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கியது இது: அச்சு பேரிங்கின் நடுவில் சரியாக நிற்பதில்லை, ஒரு பக்கம் இடைவெளி குறுகி ஆப்பு போல அமைகிறது. சுழலும் அச்சு தன்மேல் ஒட்டிய எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்கிறது. இடம் குறைய, அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது. இரும்பும் பித்தளையும் தொட்டுக்கொள்வதே இல்லை. இடையில் முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். ஈரத் தரையில் நமக்குச் செருப்பு வழுக்குவதும் ஏறக்குறைய இதே தத்துவத்தால்தான். நம் வயதில் அதை மறக்கக் கூடாது!

இதே கணக்கைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் மிச்செலும் அமெரிக்காவில் கிங்ஸ்பரியும் தனித்தனியாக ஒரு புதிய பேரிங்கை உருவாக்கினார்கள். சிறு தட்டுகள் தாமே சாய்ந்து எண்ணெய் ஆப்பை உண்டாக்கும். 1912-ல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் கிங்ஸ்பரியின் பேரிங் பொருத்தப்பட்டது. நம் நாட்டு அணைகளில் செங்குத்தாக நின்று சுழலும் பெரிய ஜெனரேட்டர்களின் பாரமும் இவ்வகை எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் நிற்கிறது.

இன்னும் எத்தனையோ செய்தார். 1875-ல் பல கட்ட டர்பைன் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். மெரினாவிலோ பூரியிலோ கடற்கரை ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி மணல் உலர்ந்தது போல வெளுக்கிறதல்லவா? அழுத்தும்போது மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, இடைவெளி அதிகமாகி, தண்ணீர் உள்ளே இறங்கிவிடுகிறது என்று 1885-ல் விளக்கினார். 1877-ல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினர் ஆனார். 1888-ல் அதன் ராயல் மெடல் கிடைத்தது.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. பிரபஞ்சம் முழுவதும் மிக நுண்ணிய மணிகளால் நிறைந்தது என்ற தம் கொள்கையை 1903-ல் பெரிய நூலாக வெளியிட்டார். அதைப் புரிந்துகொண்டவர் மிகச் சிலர். ஏற்றவர் அதனினும் சிலர். உடம்பும் ஞாபகமும் தளர, 1905-ல் ஓய்வு பெற்றார். எந்த அறிவு எண்ணெய்ப் படலத்தைக் கண்ணால் காணாமலே கண்டதோ, அது மெல்ல மங்கியது. ஸாமர்ஸெட் பகுதியில் வாட்செட் என்ற கடலோர ஊரில் 1912 பிப்ரவரி 21 அன்று காலமானார். அவர் கணக்கின்மேல் அமைந்த அந்த அமெரிக்க பேரிங் சுழலத் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

என் பெண்வயிற்றுப் பேரன் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தான். மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்கிறான். கம்ப்யூட்டரை விட்டு இதென்ன என்று அகத்தில் எல்லோருக்கும் கவலை. சம்பளத்தைப் பற்றிய அந்தக் கவலையில் நியாயமும் இருக்கிறது. என்னை எடுத்துச் சொல்லச் சொன்னார்கள். நான் அவனைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய பித்தளைக் குழாயைத் திறந்தேன். மெதுவாகத் திறந்தால் கண்ணாடிக் குச்சி போலத் தண்ணீர். இன்னும் திறந்தால் சொரசொரவென்று கலங்கிய தாரை. பிறகு 1969-ல் நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். பெற்ற பெண்ணிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

எந்தப் படிப்பு என்பதை அவனே தீர்மானிக்கட்டும். நான் அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ரீடிங் பாடத்தோடு ஒத்து வராவிட்டால் அதை அழிக்க வேண்டாம். தேதி போட்டு, வந்ததை வந்தபடி எழுதி வை என்றேன். சரி தாத்தா என்றிருக்கிறான்.