வட்டத்திற்கு ஒரு சதுரம்

சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில், மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில், 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இளைஞர் ஒருவர் எழுத்தராகப் பணியேற்றார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன்தான் அவர். கணக்கைத் தவிர ஏனைய பாடங்களில் மனம் செல்லாமையால் கல்லூரித் தேர்வில் தோற்றார், உதவித்தொகையையும் இழந்தார். தாளின் விலைக்கு அஞ்சிக் கற்பலகையில் கணக்கிடுவார்; முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

வழி அழிந்து முடிவு மட்டும் எஞ்சியதால், பிறருக்கு அவர் எழுத்து எளிதில் விளங்கவில்லை. இந்தியக் கணிதக் கழக இதழின் ஆசிரியராக அந்நாளில் பெங்களூரு மத்தியக் கல்லூரிப் பேராசிரியர் நாராயண ஐயங்கார் இருந்தார். இராமானுசனின் முதற்கட்டுரை 1911இல் அச்சேறுமுன், தெளிவு வேண்டிப் பலமுறை அவரிடம் திரும்பிச் சென்றது. பொறுமை மிக்க ஆசிரியர்தாம்!

அதே இதழில் 1913இல் இராமானுசனின் சிறு குறிப்பொன்று வெளிவந்தது. கவராயமும் அளவுக் குறியற்ற நேர்கோலும் மட்டும் கொண்டு, ஒரு வட்டத்தின் பரப்புக்கு ஈடான சதுரத்தை வரைதல் கிரேக்கர் காலத்துப் புதிர். துல்லியமாக அவ்வாறு வரைய இயலாது என்பதைச் செருமானிய அறிஞர் லிண்டெமன் 1882இல் நிறுவிவிட்டார். அதன் பின்னும் தீர்வு கண்டதாகக் கூறிக்கொண்டோர் உளர். இராமானுசன் அவ்வாறு கூறவில்லை. தம் வரைமுறை தோராயமானதே எனக் கூறி, பிழையின் அளவையும் உடன் தந்தார்.

விட்டத்தின் ஒருபுற ஆரத்தை இருசமக் கூறாகவும், மறுபுற ஆரத்தை முச்சமக் கூறாகவும் பிரித்து அவர் தொடங்குகிறார். பின்னர் ஒரு செங்குத்து, சில நாண்கள், இணைகோடுகள், ஒரு தொடுகோடு, அவ்வளவே. இறுதியில் கிடைக்கும் கோட்டின்மீது அமையும் சதுரம், பை என்னும் எண்ணுக்கு 355/113 என்னும் பின்னத்தைக் கொண்டு வட்டத்திற்கு ஈடாகிறது. பின்னம் பழையது, சீனர் முன்பே அறிந்தது. அதனைக் கோடுகளாக மாற்றிய சுருக்கமே புதியது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் எனினும், அஃதாவது தமிழ்நாடும் கருநாடகமும் சேர்ந்த பரப்பினும் பெரிதெனினும், சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகும்.

அவ்வாண்டு சனவரியிலேயே கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஆர்டிக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். 1914இல் கடல் கடந்தார். அங்கு வெளியிட்ட கட்டுரை ஒன்றில் மீண்டும் அதே புதிருக்குத் திரும்பினார். இம்முறை, விட்டம் 8,000 மைல் எனினும் பிழை ஓர் அங்குலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கினும் குறைவு.