உதயநகரின் மறைசாட்சி: அருளாளர் ராணி மரியா

மறைசாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் மதுரைச் சீமையில் வாழும் நமக்கு ஓரியூர்ச் செம்மணல்தான் நினைவுக்கு வருகிறது. 1693-ல் அங்கே தலை வெட்டுண்டு மாண்ட புனித அருளானந்தரை நம் பள்ளியில் அறியாதவர் இல்லை. கன்னியருள் யார் என்று கேட்டால், இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிர் நீத்த கார்மேல் கன்னி எடித் ஸ்டெயினைச் சொல்வோம். போரும் இல்லாமல், அரசாணையும் இல்லாமல், பட்டப்பகலில் பஸ்ஸில் சென்றுகொண்டிருந்த ஒரு கன்னியர் நம் இந்திய நாட்டிலேயே மறைசாட்சியானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூர் நகரில் அருளாளராக உயர்த்தப்பட்ட சகோதரி ராணி மரியாதான் அவர்.

கேரளத்தில் பெரும்பாவூரை அடுத்த புல்லுவழி என்ற சிற்றூரில், பைலி, எலீசுவா தம்பதியரின் மகளாக 1954 ஜனவரி 29 அன்று பிறந்தார். எளிய விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1972-ல் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்தார். 1974-ல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். பின்னர் வட இந்தியாவில் பிஜ்னோர், ஓடகடி ஆகிய இடங்களில் பணியாற்றிவிட்டு, 1992-ல் மத்தியப் பிரதேசத்தின் உதயநகருக்கு வந்தார்.

அங்குள்ள ஆதிவாசி மக்கள் வட்டிக்காரர் பிடியில் சிக்கியிருந்தனர். நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த சோழவந்தானில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடவுக்கு வாங்கிய கடன் அறுவடையை விழுங்கிவிட்டால் அந்த வீட்டில் பிள்ளைகள் என்ன உண்பார்கள்? சகோதரி வீடு வீடாகச் சென்றார். வங்கியில் கடன் பெறும் வழியையும், அரசு தரும் உதவிகளையும் மக்களுக்கு எடுத்துக் கூறினார். சிறு சேமிப்புக் குழுக்களாக அவர்களைச் சேர்த்தார். வட்டித் தொழில் படுத்தது, பகை மூண்டது. மனு எழுதக் கற்றுக் கொடுப்பதும் மரணத்துக்கு இட்டுச் செல்லும் என்று நாம் நினைத்திருப்போமா!

1995 பிப்ரவரி 25. ஊருக்குப் புறப்பட்ட சகோதரி, இந்தூர் செல்லும் பஸ்ஸில் ஏறினார். அவரது எதிரிகள் ஏவிய இளைஞன் ஒருவனும் அதே பஸ்ஸில் இருந்தான். நாச்சன்போர் மலைக்காட்டில் அவரைக் கத்தியால் குத்தி, வெளியே இழுத்துப் போட்டும் குத்தினான். உடலில் 54 காயங்கள். இயேசுவின் திருநாமத்தை உச்சரித்தபடியே உயிர் துறந்தார். பஸ்ஸில் இருந்த எவரும் தடுக்க முன்வரவில்லை என்பதை எழுதவே நமக்குக் கை கூசுகிறது. அவர் உதயநகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவரது தங்கையும் அதே சபைக் கன்னியருமான சகோதரி செல்மி பால், 2002-ல் சிறைக்குச் சென்று, அண்ணனுக்குத் தங்கை கட்டும் ராக்கிக் கயிற்றை அந்த மனிதரின் கையில் கட்டினார். அக்காளின் இரத்தம் படிந்த கை அது. அவரை விடுவிக்கும்படி குடும்பத்தாரே ஒப்பமிட்டுக் கேட்டனர். 2006-ல் விடுதலையான அவர், மறு ஆண்டு புல்லுவழிக்குச் சென்று எலீசுவா அம்மாளிடம் மன்னிப்பு வேண்டினார். அந்தத் தாய் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.