மைசூரை மீட்ட திவான்: சேஷாத்ரி அய்யர்

பெங்களூர் கப்பன் பூங்காவில் சிவப்பு நிறத்தில் பழைய கட்டடம் ஒன்று உண்டு. அது மாநில மத்திய நூலகம். அதன் எதிரே உயரமான பீடத்தின் மீது தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த ஒருவரின் சிலை நிற்கிறது. விடுமுறை நாட்களில் குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் பலர். சேஷாத்ரிபுரத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் அதைவிடப் பலர். அந்தச் சிலையும் அந்தப் பேட்டையின் பெயரும் ஒருவருக்கே உரியவை என்பதும், அவர் பாலக்காட்டிலிருந்து பிழைப்புக்காக மைசூருக்கு வந்தவர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

அவர்தான் சர் கே. சேஷாத்ரி அய்யர். 1883 முதல் 1901 வரை, 18 ஆண்டுகள் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். பஞ்சத்தில் பிணக்காடாகக் கிடந்த ஒரு நாடு எப்படி மறுபடியும் எழுந்து நின்றது என்பதே அவருடைய வாழ்க்கைக் கதை.

குமாரபுரத்துப் பிள்ளை

அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில், பாலக்காட்டுக்கு அருகிலுள்ள குமாரபுரத்தில் 1845-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி சேஷாத்ரி அய்யர் பிறந்தார். தந்தை அனந்தநாராயண அய்யர் கோழிக்கோட்டில் வக்கீல். சேஷாத்ரி கோழிக்கோட்டில் படித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. தேறினார். அந்நாளில் பி.ஏ. படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்போது மைசூர் பிரிட்டிஷ் கமிஷனரின் நேரடி ஆட்சியில் இருந்தது. செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசார்லு அங்கே உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தார். அவருடைய ஆதரவால் 1868-ல் சேஷாத்ரி அய்யருக்கு அஷ்டகிராம டிவிஷனில் நீதித்துறை சிரஸ்தார் வேலை கிடைத்தது. குமாஸ்தாக்களின் கட்டுகளுக்கும் கச்சேரிக் காகிதங்களுக்கும் நடுவில்தான் அவர் உத்தியோக வாழ்க்கை தொடங்கிற்று. வேலை பார்த்துக்கொண்டே 1874-ல் சட்டப் பரீட்சையிலும் தேறினார். தும்கூர், மைசூர் ஜில்லாக்களை நிர்வாகம் செய்தார்.

தாது வருஷத்துக்குப் பின்

1876-லிருந்து 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். மைசூரிலும் அதே பஞ்சம்தான். 1871-ல் எடுத்த கணக்கில் சமஸ்தானத்தின் ஜனத்தொகை 50 லட்சத்துக்கு மேல். 1881-ல் எண்ணியபோது 42 லட்சம்கூடத் தேறவில்லை. பசியும் நோயும் கொண்டுபோனவர்கள் போக, ஊரைவிட்டு ஓடியவர்களும் உண்டு. ஏர் பிடிக்க ஆள் இல்லாமல் நிலங்கள் தரிசாயின. உழவு மாடுகள் செத்து மடிந்தன.

இந்த நிலையில்தான் 1881-ல் பிரிட்டிஷார் ராஜ்யத்தைச் சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ராஜ்யத்தோடு 80 லட்சம் ரூபாய் பஞ்சக் கடனும் வந்தது. போதாததற்கு ஆண்டுதோறும் கட்டும் கப்பம் இருபத்து நாலரை லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. கஜானாவின் நிலைமையைப் பார்த்து அந்த உயர்வை மட்டும் சில ஆண்டுகள் தள்ளிவைத்தார்கள்.

முதல் திவானான ரங்காசார்லு இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆளவில்லை. 1883 ஜனவரியில் காலமானார். அடுத்த மாதம் அந்தப் பொறுப்பு 37 வயதான சேஷாத்ரி அய்யரின் தலையில் விழுந்தது.

கையில் பணம் இல்லாத நிர்வாகி முதலில் செலவைக் குறைப்பான். சேஷாத்ரி அய்யரும் அதைச் செய்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மறுபடி மழை பொய்த்தால் மறுபடி சாவுதான் என்ற நிலையை மாற்றாமல், மிச்சம் பிடித்து மட்டும் பயனில்லை என்று கண்டார். பஞ்சத்தில் தானியம் ஓரிடத்தில் இருந்தும், சாகிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வழியில்லாமற்போனது அவர் கண்ணெதிரே நடந்தது. ஆகவே ரயில் பாதைக்கு முதலிடம் கொடுத்தார். பாதையை நடத்தும் உரிமையைக் கம்பெனியிடம் விட்டு, லண்டனில் கடன் திரட்டி, 1889-ல் பெங்களூரிலிருந்து ஹரிஹர் வரை ரயில் ஓடச் செய்தார். பத்தாண்டுகளில் பிரூரிலிருந்து ஷிமோகாவுக்கும் பாதை போயிற்று.

ஏரிகளைப் பழுது பார்க்கவும், குடியானவர்கள் கிணறு தோண்டக் கடன் கொடுக்கவும் பணம் ஒதுக்கினார். வேதாவதி ஆற்றின் குறுக்கே ஹிரியூருக்கு அருகே மாரிகணிவேயில் பெரிய அணை அவர் காலத்தில் தொடங்கியது. 1907-ல் அது முடிந்தது. வறண்ட சித்ரதுர்க்கா சீமைக்கு அது ஒரு கொடை.

எடுத்ததெல்லாம் பலிக்கவும் இல்லை. வட்டிக்காரர்களிடமிருந்து விவசாயிகளை விடுவிக்க 1894-ல் விவசாய பாங்குகளை ஏற்படுத்தினார். அவை வேரூன்றாமல் தோற்றுப்போயின.

காவிரியின் பழைய கணக்கும் அவர் காலத்தில் எழுதப்பட்டதுதான். ஆற்றின் குறுக்கே மைசூர் புதிய பாசனத் தேக்கங்கள் கட்டுமுன் சென்னையின் சம்மதம் பெற வேண்டும் என்ற உடன்பாடு 1892-ல் ஏற்பட்டது. அதற்குப் பின் 1924-ல் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. அந்த வழக்கின் நூல் இன்றும் அறுபடவில்லை.

தங்கவயல்

கோலார் பூமியில் பொன் உண்டு என்பது மிகப் பழைய செய்தி. லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1870-களில் அரசாங்கத்திடம் உரிமை பெற்றுத் தோண்டிப் பார்த்தார். அவரால் முடியவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அவர்களும் கைப்பணத்தையெல்லாம் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும் தறுவாயில், சாம்பியன் ரீஃப் என்ற வளமான படிவம் தட்டுப்பட்டது. சேஷாத்ரி அய்யர் திவானாகி அதிக நாள் ஆகாத சமயம் அது.

அதன்பின் வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்தும் தெலுங்குச் சீமையிலிருந்தும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். பொட்டல்காடு பட்டணமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கு மேல் அந்தச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். கம்பெனி லைன்களில் தமிழ்தான் வீட்டுமொழி. பாறை வெடித்துச் செத்தவர்களும், கல்தூசி மார்பில் படிந்து இருமியே போனவர்களும் எத்தனையோ பேர். தங்கத்தின் லாபமோ லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்குப் போயிற்று.

சமஸ்தானத்துக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஐந்து வீதம் ராயல்டி. பங்கு சிறிதுதான். ஆனாலும் 1890-களின் முடிவில் அது ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. மழையை நம்பிய நிலவரியையே பெரிதும் சார்ந்திருந்த கஜானாவுக்கு, மழையை நம்பாத ஒரு வரும்படி வந்தது.

இங்கேதான் சேஷாத்ரி அய்யரின் முன்யோசனை தெரிகிறது. பூமியிலிருந்து தோண்டி எடுப்பது ஒருநாள் தீர்ந்துபோகும். அதனால் வந்த பணம் தீராத ஒன்றாக மாற வேண்டும். அவர் வரவை ரயிலிலும் அணையிலும் குடிநீரிலும் போட்டதற்குக் காரணம் அதுதான். வேறு கனிகள் எங்கே உண்டென்று தேட 1894-ல் நிலவியல் இலாகாவும் ஏற்படுத்தினார். அதே ஆண்டில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது.

அருவியிலிருந்து கம்பி வழியே

சுரங்கம் ஆழமாக ஆழமாக, இயந்திரங்களை ஓட்ட விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. கரி நெடுந்தூரத்திலிருந்து ரயிலில் வரவேண்டும். அதே சமயம் சிவசமுத்திரத்தில் காவிரி இரவும் பகலும் வீணாக விழுந்துகொண்டிருந்தது. இடையில் உள்ள தூரம் 92 மைல்.

அமெரிக்காவில் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகருக்குப் போனதே 1896-ல்தான். அந்தத் தூரம் 30 மைல்கூட இல்லை. அப்படியிருக்க, 92 மைல் கம்பி இழுப்பது என்றால் நம்பாதவர்களே அதிகம். மைசூரின் துணைத் தலைமை எஞ்சினீயர் ஜோலி டி லோட்பினியேர் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் கனடாவில் பிறந்தவர். சேஷாத்ரி அய்யர் அவரை நம்பினார். 1899-ல் வெளிநாடுகளுக்கு அனுப்பி விவரம் சேகரிக்கச் செய்தார். மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாகச் சுரங்கக் கம்பெனிகளிடம் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே பணத்தை இறக்கினார். வாங்க ஆள் நிச்சயம் என்றபின் நஷ்ட பயம் குறைந்தது.

கப்பலில் வந்த கனமான இயந்திரங்களை ரயிலடியிலிருந்து யானைகளும் மாட்டு வண்டிகளும் இழுத்துச் சென்றன. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பி வழிகளில் ஒன்று அது.

வெளியூர்க்காரர்

இவ்வளவும் நடந்த காலத்தில் மைசூரில் இன்னொரு பேச்சும் இருந்தது. பெரிய உத்தியோகங்களையெல்லாம் சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களே வைத்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை அது. மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்ற குரல் பத்திரிகைகளிலும் பிரதிநிதி சபையிலும் கேட்டது. திவான் அதிகாரமெல்லாம் தம் கையில் வைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

அந்தக் குறையை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சொந்த ஊரில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவனின் வருத்தம் நியாயமானதே. 1891-ல் சமஸ்தானத்தில் சிவில் சர்வீஸ் போட்டிப் பரீட்சை தொடங்கியது. அதே ஆண்டில் பிரதிநிதி சபைக்குத் தேர்தலும் வந்தது. 1894 டிசம்பரில் மகாராஜா கல்கத்தாவில் திடீரென்று காலமானார். வாரிசு சிறுவன். மகாராணி வாணி விலாச சன்னிதானம் ரீஜண்டாகப் பொறுப்பேற்க, நிர்வாகத்தை சேஷாத்ரி அய்யர் நடத்தினார். 1896-ல் கப்பம் 35 லட்சமாக உயர்ந்தபோது சமஸ்தானம் தடுமாறாமல் கட்டியது.

1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. ஜனங்கள் நகரை விட்டு ஓடினார்கள். நெருக்கடியான பழைய பேட்டைகளுக்கு மாற்றாக மல்லேசுவரமும் பசவனகுடியும் அகலமான தெருக்களோடு வளர்ந்தன. நோய் விரட்டிய ஊர் அதே நோயினால் விரிந்தது.

காணாமற்போன வெளிச்சம்

உழைப்பு உடம்பைத் தின்றுவிட்டது. 1901 மார்ச்சில் சேஷாத்ரி அய்யர் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி காலமானார். வயது 56.

சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலை எட்டியது 1902 ஜூன் 30-ஆம் தேதி. ஒன்பது மாதத்தில் அவர் அதைத் தவறவிட்டார். 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது. அவர் கண்டது ஒன்று உண்டு. 1901-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கு 55 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பஞ்சம் கொண்டுபோனதை மைசூர் மீட்டுவிட்டது.

மின்நிலையத்துக்கு ஆண்டு முழுதும் தண்ணீர் வேண்டும் என்பதும் 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை தொடங்க ஒரு காரணம். அந்த அணையால் மாண்டியா கரும்புச் சீமையாயிற்று. பின்னால் வந்த விசுவேசுவரய்யாவும் மற்றவர்களும் ஆலைகள் வைக்க மின்சாரம் தயாராக இருந்தது. வெளியூர்களிலிருந்து பெங்களூர் ஆலைகளுக்கு ஆட்கள் வந்ததும் அதன் தொடர்ச்சிதான்.

தங்கவயலின் கதை வேறாக முடிந்தது. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன்னைக் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தப் பொன் வாங்கிக் கொடுத்த மின்சாரத்தில் வேறு ஊர்கள் வளர்ந்தன. தோண்டியவர்களின் ஊரில் மட்டும் பொன்னுக்குப் பதிலாக வேறு பெரிய பிழைப்பு ஊன்றப்படவில்லை. இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்மாரும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள்.

சேஷாத்ரி அய்யரின் கணக்கு சரியான கணக்கு. தீர்ந்துபோகும் செல்வத்தைத் தீராத செல்வமாக மாற்ற வேண்டும் என்பது அது. சமஸ்தானம் முழுமைக்கும் அது நிறைவேறியது. தங்கவயலில் அந்தக் கணக்கு பாதியில் நிற்கிறது.