அனாதைப் பெண் தைத்த கறுப்புக் கவுன்

பாரிஸ் நகரில் ஒரு பெண் இருந்தார். அவர் தைத்த உடைகளைச் சீமாட்டிகள் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள். வேறு சிலர் அதே மாதிரியைப் பார்த்து, மலிவான துணியில் தைத்துக் கடைவீதியில் விற்றார்கள்.

மற்ற உடை நிபுணர்களுக்கு இது பிடிக்கவில்லை. திருட்டு என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. இந்தப் பெண்ணோ, பின்னாளில் இதைப் பற்றிப் பெருமைப்பட்டார். தெருவில் நடக்கிறவர்கள் உடுத்தாத உடை உடையே அல்ல என்பது அவர் எண்ணம்.

அவர்தான் கோகோ ஷனேல்.

சந்தை வியாபாரியின் மகள்

1883-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி, பிரான்சு நாட்டில் சோமூர் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் கேப்ரியல். தகப்பனார் ஊர் ஊராகப் போய்ச் சந்தையில் சாமான் விற்பவர்.

கேப்ரியலுக்கு 11 வயதானபோது தாயார் இறந்தார். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் அனாதை விடுதியில் பெண் குழந்தைகளை விட்டுவிட்டு, தகப்பனார் போய்விட்டார்.

ஊசி பிடிக்க அங்கேதான் கற்றார். கன்னியாஸ்திரீகளின் உடையில் இருந்த கறுப்பும் வெள்ளையும் அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை. ஆனால் பெரிய மனுஷியான பிறகு அந்த விடுதியின் பெயரையே எடுக்கமாட்டார். அத்தைமார் வீட்டில் வளர்ந்ததாகக் கதை சொல்வார்!

வாலிப வயதில் பகலில் தையல் வேலை. இரவில் காப்பி விடுதியில் பாட்டு. அவர் பாடிய பாட்டில் வந்த கோகோ என்ற சொல்லே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

பனியன் துணியில் கவுன்

1910-ல் பணக்கார நண்பர்களின் உதவியோடு பாரிசில் தொப்பிக் கடை வைத்தார். 1913-ல் தோவில் என்ற கடற்கரை ஊரில் இன்னொரு கடை.

அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் பாடு பரிதாபமானது. இடுப்பை இறுக்கும் கச்சை, தரையைப் பெருக்கும் பாவாடை, தலையில் கூடை போன்ற தொப்பி. குனிய முடியாது, வேகமாக நடக்கவும் முடியாது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் வெளியே வந்து வேலை செய்யவேண்டியதாயிற்று. நல்ல துணிக்கும் பஞ்சம்.

அப்போது ஜெர்சி என்ற பின்னல் துணியை ஷனேல் வாங்கினார். பனியன் துணி போன்றது அது. ஆண்களின் உள்ளாடைக்குத்தான் பயன்பட்டு வந்தது. அதில் தொளதொளவென்று சட்டையும் பாவாடையும் தைத்தார். கச்சை வேண்டாம், உடுத்திவிடப் பணிப்பெண்ணும் வேண்டாம். சீமாட்டிகள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

ஏழையின் துணி இப்படிப் பணக்காரர் வீட்டுக்குள் போயிற்று!

திரும்பி வந்த வழி

1926-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஷனேல் தைத்த கவுனின் படம் வெளிவந்தது. சாதாரணக் கறுப்புக் கவுன். சரிகை இல்லை, பூவேலை இல்லை. அந்தப் பத்திரிகை அதை போர்டு காருக்கு ஒப்பிட்டது. போர்டு கார் எல்லோரும் வாங்கக்கூடிய கார். இதுவும் எல்லோரும் உடுத்தக்கூடிய கவுன்.

கறுப்பு அதுவரை துக்கத்துக்கும் வேலைக்காரிக்கும் உரிய நிறம். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. மலிவுத் துணி என்பது கறுப்பில் சட்டென்று தெரியாது. வெட்டும் எளிது. காப்பியடிப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நகையிலும் அப்படியே. கண்ணாடி முத்து மாலையை அசல் முத்தோடு கலந்து அணிந்தார் ஷனேல். போலி நகை அணிவது அவமானம் என்ற நினைப்பு போயிற்று.

மாறாத கறைகள்

இவ்வளவும் செய்தவர் தன்னிடம் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் தாராளமாக இருக்கவில்லை. 1936-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, முதலாளியைக் கடைக்குள் விடாமல் தடுத்தார்கள். 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் உடைக் கடையை மூடிவிட்டார். எல்லோருக்கும் வேலை போயிற்று.

பாரிசை ஜெர்மானியர் பிடித்திருந்தபோது ஒரு ஜெர்மன் அதிகாரியோடு வாழ்ந்தார். யூதர்களுக்கு எதிரான சட்டத்தைக் காட்டி, தன் வாசனைத் தைலக் கம்பெனியின் யூதப் பங்காளிகளை வெளியேற்றவும் முயன்றார். அது பலிக்கவில்லை. போருக்குப் பிறகு பல ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் இருந்தார்.

எழுபது வயதில்

1954-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, 70-வது வயதில், மறுபடியும் பாரிசில் உடைகளைக் காட்சிக்கு வைத்தார். பிரெஞ்சுப் பத்திரிகைகள் கேலி செய்தன.

அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் அமெரிக்க வியாபாரிகள். பாரிஸ் காட்சிகளுக்குப் பணம் கட்டி வந்து, மாதிரி உடைகளை வாங்கிப் போவார்கள். அவற்றைப் பார்த்துக் காகிதத்தில் அளவு வெட்டுவார்கள். பிறகு தொழிற்சாலையில் மலிவாகத் தைப்பார்கள். ஷனேலின் கழுத்துப்பட்டி இல்லாத கம்பளிக் கோட்டு இப்படித்தான் ஆபீசுக்குப் போகும் பெண்களின் உடையாயிற்று. அசலில் ஓரத்துக்குள் மெல்லிய சங்கிலி வைத்துத் தைத்திருக்கும், கோட்டு நேராகத் தொங்குவதற்காக.

1963-ல் கென்னடி சுடப்பட்ட அன்று அவர் மனைவி ஜாக்குலின் அணிந்திருந்த இளஞ்சிவப்பு உடையும் ஷனேல் மாதிரிதான். ஆனால் தைத்தது நியூயார்க்கில்!

ஷனேல் கடைசிவரை வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவருக்கு ஆகாது. அன்று தையற்கூடம் மூடியிருக்கும்.

1971-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, தான் வசித்த ரிட்ஸ் ஓட்டலில், 87-வது வயதில் இறந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.