சட்டம் பயிற்றிய அண்ணல்

அண்ணல் அம்பேத்கரை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பியென நாடறியும். தாழ்த்தப்பட்ட மக்களின் விடுதலைக்குப் போராடிய தலைவரென்றும் அறியும். ஆனால் அவர் ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய ஆசிரியர் என்பதையும், புகழ்பெற்ற சட்டக் கல்லூரியொன்றின் முதல்வர் பொறுப்பை வகித்தவர் என்பதையும் நம்மவருள்ளேயே பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்விப் பணிக்கென்றே தோன்றி வெள்ளி விழாக் காணும் சங்கத்தின் மலரில் அந்தப் பகுதியை எழுதுவதே பொருத்தமெனக் கருதினோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைநகரில் அவர் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஆகவே ஆசிரியத் தொழில் அண்ணலுக்குக் குடும்பச் சொத்து என்றே சொல்லலாம். பள்ளியில் அவர் தனியே கோணிச் சாக்கில் அமர்ந்ததையும், பிறர் உயரத்திலிருந்து ஊற்றினாலொழியத் தண்ணீர் கிடையாதென்று இருந்ததையும் நம் பிள்ளைகள் அறிவர். சமஸ்கிருதம் கற்க விரும்பிய அவருக்கு அது மறுக்கப்பட்டுப் பாரசீகமே வாய்த்தது. 1912இல் பொருளியலும் அரசியலும் பயின்று பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டன் சென்றவர், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்தார். இவரென்ன கற்பித்துவிடப் போகிறார் என்று தொடக்கத்தில் மாணவர் அலட்சியம் காட்டினர். சில திங்களுக்குள் நிலைமை மாறிற்று. பிற கல்லூரி மாணவரும் அனுமதி பெற்று அவ்வகுப்பில் வந்தமர்ந்தனர். மாணவர் மாறினர், உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலர் மாறவில்லை. ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாதென்று தடை சொன்னார்கள்! கொலம்பியாவிலும் இலண்டனிலும் கற்று வந்தவருக்கு, கற்றோர் கூடும் அறையில் கிடைத்த வரவேற்பு இது. படித்துவிட்டால் சாதி தானே நீங்கிவிடும் என்று எளிதாகப் பேசுவோர் இந்தப் பானையை மறந்துவிட்டே பேசுகின்றனர் என்பது நம் கருத்து.

சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமும், கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும், பார்சி நண்பர் நாவல் பதேனாவிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். பாரிஸ்டர் பட்டமும் அறிவியல் முதுமுனைவர் பட்டமும் பெற்று 1923இல் தாயகம் திரும்பி, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தீண்டப்படாத வழக்கறிஞரிடம் வழக்கைக் கொடுக்க சொலிசிட்டர்கள் முன்வரவில்லை. குடும்பம் நடந்தாக வேண்டுமே! 1925 முதல் 1928 வரை தனியார் கணக்கியல் பயிற்சி நிறுவனமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். மகத்துக் குளத்தில் தண்ணீர் உரிமைக்குப் போராடிய 1927ஆம் ஆண்டிலும் அவர் அங்கே பாடம் நடத்தி வந்தவரே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியரானார். வட்டமேசை மாநாடுகள் முடிந்த பின்னர் 1934இல் மீண்டும் அங்கே கற்பிக்கலானார். 1934-35இல் இங்கிலாந்தின் அரசமைப்பைப் பற்றி அவர் மாணவருக்கு ஆற்றிய விரிவுரைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. அறிஞர் டைசியின் நூல் மாணவருக்குக் கடினமாயிருந்தது. மன்னர், பிரபுக்கள் சபை, பொதுமக்கள் சபை ஆகியவற்றை ஆங்கில மாணவன் பிறந்த நாள்தொட்டு அறிவான்; நம் நாட்டு மாணவன் அவற்றைக் கண்டதில்லை. நூலாசிரியர் சொல்லாமல் விட்ட அந்த அடிப்படையை முதலில் விளக்கிவிட்டே அண்ணல் நூலுக்குள் புகுந்தார். மாணவன் எங்கே நிற்கின்றானோ அங்கிருந்து தொடங்குவதே ஆசிரியத் தொழிலின் நுட்பம் என்பதை, வகுப்பறையில் காலம் கழித்த நாம் நன்கறிவோம். சாட்சியச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், காலவரையறைச் சட்டம் ஆகியன பற்றி அவர் எழுதிய குறிப்புகளும் பிற்காலத்தில் மகாராட்டிர அரசு வெளியிட்ட தொகுதிகளுள் அச்சேறின.

1935 மே 27ஆம் நாள் துணைவியார் இரமாபாய் மறைந்தார். அத்துயரம் ஆறுமுன்னரே, சூன் திங்களில், அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாதென்ற அதே நகரில், 1855இல் நிறுவப்பட்ட கல்லூரிக்குத் தலைவரானார். சமஸ்கிருதம் மறுக்கப்பட்டவர், இந்துச் சட்டமும் ஒரு பாடமாகிய கல்லூரிக்கு முதல்வரானார். பதவி அவர் வாயை அடைக்கவில்லை. இந்துவாக இறக்க மாட்டேன் என்று அவர் இயோலாவில் அறிவித்தது அதே ஆண்டு அக்டோபரில்தான். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் சட்டக் கல்வியைச் சீர்திருத்துவது குறித்துக் கல்லூரி இதழில் கட்டுரையும் வரைந்தார். 1938இல் முதல்வர் பதவியை விட்டு விலகினார்.

நம் பகுதியில் பள்ளியிறுதி முடிக்கும் மாணவரை மேலே என்ன படிப்பாய் என்று கேட்டால், ஆசிரியர் பயிற்சி என்பர், அரசு அலுவல் என்பர். சட்டம் என்று சொல்வோர் மிகச் சிலரே. வருவாய்க்கு நெடுநாள் காத்திருக்க வேண்டுமென்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. அது பொய்யான அச்சமன்று. அண்ணலும் வழக்கின்றிக் காத்திருந்தவரே. காத்திருந்த நாட்களில் அவரைத் தாங்கியது ஆசிரியத் தொழில். நம் பிள்ளைகளைத் தாங்குவோர் யார் என்பதைச் சங்கத்தார் சிந்திக்க வேண்டுகிறோம். நிலவழக்குக்கும் வன்கொடுமை வழக்குக்கும் நம்மவர் இன்றும் அயலாரையே நம்பி நீதிமன்றப் படியேறுகின்றனர்.

பின்னாளில் அமைச்சராகி நாட்டுக்கே சட்டம் வகுத்தபோதும் அவர் கல்லூரிகளை மறக்கவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் தொடங்கினார். அக்கழகத்தின் சட்டக் கல்லூரி பம்பாயில் 1956இல் தோன்றியது. அவ்வாண்டு திசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.